புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

வட்டகொடைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சட்ட ஆலோசனை கேட்டு எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டங்களில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் தொழில். அப்பா இருபத்தேழு வருடம் துரைமாருக்கு ஜீப் ஓட்டியவர். அந்த மனிதரைச் சொந்த வாகனத்தில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது இவருடைய ஆசை. கண்டியில் ஒரு வாகன வியாபாரியிடம் 2012 மொடல் பிராடோ ஜீப் ஒன்றை 1 கோடியே 85 இலட்சத்துக்குப் பேசி, 15 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கூட்டிப்போய்ப் பேசி முடித்தவர் மச்சான். மீதியை முப்பது நாளில் தராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று அட்வான்ஸ் கொடுத்த சீட்டில் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு நாள் மிச்சம்.

வாகனத்தின் பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் என்று கேட்டபோது வியாபாரி போனில், "தோட்டத்து ஆளுக்கு எதுக்கு பிராடோ" என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவே தம்பி கோபத்தில், "உன் வாகனமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், காசைத் திருப்பித் தா" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டார். அவமானத்துக்கு வழக்குப் போடலாமா, மச்சானையும் இழுக்கலாமா, வாகனத்தை வாங்குவதா விடுவதா என்பவை இவருடைய கேள்விகள்.

தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. அது எனக்கும் வலிக்கிறது. நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் அதை வழக்கில் கொண்டுவராதீர்கள். போனில் உங்களிடம் மட்டும் சொன்னது அவதூறு ஆகாது, அதை மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். மச்சானையும் விடுங்கள். அவர் கமிஷன் வாங்கினாரா இல்லையா என்பது உங்கள் குடும்பம் பேசித் தீர்க்க வேண்டியது. அந்த மாடல் மலைப் பாதைக்கு நல்லதா, எஞ்சின் எப்படி என்பதை ஒரு நல்ல கராஜ்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "புத்தகத்தில் கொழும்பில் ஒருவருடைய பெயரும் ஒரு லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கிறது, ஆனால் ஓபன் பேப்பர் எல்லாம் கையெழுத்தோடு இருக்கிறது, பயமில்லை என்று மச்சான் சொன்னார்."

உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. உங்களிடம் காசு வாங்கியவர் அந்த வாகனத்தின் பதிவு செய்த உரிமையாளர் இல்லை. பதிவு உரிமையாளரும் முழுச் சொந்தக்காரர் இல்லை. சீஆர் என்கிற அந்தப் பதிவுப் புத்தகத்தில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும்வரை வாகனம் சட்டப்படி அந்தக் கம்பனியுடையது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் வந்த பிறகு இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. லீசிங் எடுத்தவருக்கு ஓட்டும் உரிமை மட்டும்தான் உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலும் நம்முடைய ரோமன் டச்சுச் சட்டத்திலும் அடிப்படை ஒன்றேதான். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் நல்ல மனதோடு முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்டால் வாகனம் அவருக்குப் போகும்.

லீசிங் கட்டி முடிந்துவிட்டது, கம்பனியின் கடிதம்தான் வரவில்லை என்று வியாபாரி சொல்வார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். முடிந்திருந்தால் அந்தப் பெயரை நீக்கிப் புத்தகத்தை மாற்றியிருப்பார்கள். இந்த விலைக்கு வாகனம் விற்கும் ஒருவர் சில நாள் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார் என்றால் காரணம் இருக்கும்.

ஓபன் பேப்பர் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பதிவு உரிமையாளர் வாங்குபவரின் பெயரை எழுதாமலே மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. கைமாறும் ஒவ்வொரு வியாபாரியும் தன் பெயரைப் போடாமல் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி இந்தக் கூத்தை நிறுத்தத்தான் இருக்கிறது. நடைமுறையில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. எதனால் அது ஆபத்து என்பதை, என்னிடம் வந்த ஆட்களின் கதையாகச் சொல்கிறேன்.

ஹற்றனில் ஒரு கடைக்காரர். ஓபன் பேப்பரில் ஒரு மொண்டெரோ ஜீப் வாங்கி மூன்று வருடம் ஓட்டினார். ஒரு காலையில் கடை வாசலில் நின்ற வண்டியை லீசிங் கம்பனியின் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொலிசில் முறைப்பாடு செய்தோம். கம்பனி ஒப்பந்தத்தைக் காட்டியது. பதிவு உரிமையாளர் இரண்டு வருடமாகத் தவணை கட்டவில்லை. இவர் கையில் இருந்தது கையெழுத்துப் போட்ட படிவமும், வியாபாரி கொடுத்த ஒரு துண்டுச் சீட்டும். அந்த வியாபாரியை எங்கே தேடுவது? கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் இவர் யாரோ ஒருவருடைய தவணைப் பாக்கியையும் வட்டியையும் கட்டி, முழு விலை கொடுத்து வாங்கிய வாகனத்தை இரண்டாம் தடவை வாங்கினார். அவருடைய மனைவி அன்று என் அலுவலகத்தில் அழுதது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் காசு மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்தது.

இன்னொருவர் வெலிமடைக்காரர். அவருடைய வாகனத்தில் லீசிங் இல்லை, அதனால் தைரியமாக இருந்தார். பதிவு உரிமையாளர் இறந்துபோனார். வெற்றுப் படிவத்தில் இருந்த கையெழுத்து அத்தோடு பயனில்லாமல் போயிற்று. தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அவர் எழுதிக் கொடுத்த அற்றோனித் தத்துவமும் செத்தது, அது எழுதியவரின் ஆயுளோடு முடிந்துவிடும். மனைவி பிள்ளைகளிடம் போனால் இறந்தவரின் சொத்துக்கான மரண சாதன வழக்கு முடியட்டும் என்றார்கள், பிறகு மூத்த மகன் தன் கையெழுத்துக்குத் தனியாக விலை பேசினார். நான்கு வருடம் போனது. அவ்வளவு காலமும் வேறொருவர் பெயரில் இருக்கும் வாகனத்துக்குக் காப்புறுதி எடுத்து ஓட்டினார். ஒரு விபத்து நடந்திருந்தால், இது உன் சொத்து என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று காப்புறுதிக் கம்பனி கேட்டிருக்கும்.

உங்களுடைய வாகனத்தின் விலை சந்தை விலையைவிட 25 இலட்சம் குறைவு என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் வந்த இடம் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய ஜீப்புகளின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். விலை ஏறினால் களவும் ஏறும். உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தி, பழைய வாகனத்தின் சேசி இலக்கத்தை வெட்டி ஒட்டி, அதன் புத்தகத்தோடு விற்ற வாகனங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்று உங்கள் கையில் மாட்டினால் எதிரே நிற்பது வியாபாரி இல்லை, சுங்கத் திணைக்களம். சுங்கக் கட்டளைச் சட்டத்தில் வரி கட்டாத பொருள் பறிமுதலாகும். அது யார் கையில் இருந்தாலும் சரி, அவருக்கு விஷயம் தெரியாமல் இருந்தாலும் சரி. வரி கட்டியது என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவர் தலையில் விழும். கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோரிப் பிணையும் வைக்காவிட்டால் அது அரசுக்குப் போனதாகவே கருதப்படும். அந்த ஒரு மாதத்தை, யாரைப் பிடித்தால் எடுக்கலாம் என்று அலைந்தே தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வாகனம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்று சொல்ல உங்களிடமும் ஒன்றும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, அட்வான்ஸ். சட்டம் இங்கே உங்கள் பக்கம். உரிமையை மாற்றித் தர முடியாத ஒருவர், நீ நாள் தவறிவிட்டாய் என்று சொல்லிக் காசை விழுங்க முடியாது. ஆனால் அந்தக் குரல் பதிவால் உங்கள் கையை நீங்களே கட்டிக்கொண்டீர்கள். "வாகனம் வேண்டாம்" என்று நாள் முடியும் முன் சொன்னவர் நீங்கள். அவருடைய சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொண்டு, ஒப்பந்தத்தை முறித்தது வாங்குபவர்தான், விற்பவர் தயாராக இருந்தார் என்று வாதாடுவார். குரல் பதிவைச் சாட்சியாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அதை அழித்தாலும் அவருடைய போனில் இருக்கும். அவருடைய பதில்களும் உங்களுக்குத் தேவைப்படும், ஆகவே எதையும் அழிக்காதீர்கள்.

அதனால் இந்த வாரமே ஒரு சட்டத்தரணி மூலமாகப் பதிவுத் தபாலில் கடிதம் போக வேண்டும். அதில் கோபம் இருக்கக் கூடாது. மீதிப் பணத்தோடு நான் தயாராக இருக்கிறேன், லீசிங் கம்பனியின் பெயர் நீக்கப்பட்ட புத்தகத்தோடு பதிவு உரிமையாளரை இன்ன திகதிக்குத் திணைக்களத்துக்குக் கூட்டிவாருங்கள், முடியாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் இருக்க வேண்டும். அந்தத் திகதி சீட்டில் உள்ள முப்பது நாளுக்குள் வர வேண்டும். குரல் பதிவால் கெட்டதை அந்தக் கடிதம் ஓரளவு திருத்தும், முறித்தது யார் என்ற கேள்வி மறுபடி அவர் பக்கம் திரும்பும். வங்கியில் மீதிப் பணம் இருப்பதற்கு ஒரு கூற்றையும் எடுத்து வையுங்கள்.

பொலிசுக்குப் போகச் சொல்லி உங்கள் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால், இது சிவில் பிரச்சினை, நீதிமன்றம் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அதற்குள் வியாபாரி உஷாராகிவிடுவார். ஒரே வாகனத்துக்குப் பலரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. அதை விசாரித்துப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பிறகு அவர் பேச வருவார். வந்தால் பேசுங்கள். 15 இலட்சத்தில் 12 தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. 11 என்றாலும் யோசிக்காமல் வாங்குங்கள். அவர் செய்தது சரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வழக்குப் போட வேண்டிய இடம் கண்டி மாவட்ட நீதிமன்றம், ஏனென்றால் எதிராளி இருப்பதும் ஒப்பந்தம் நடந்ததும் அங்கேதான். ஒவ்வொரு தவணைக்கும் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி ஒரு முழு நாள் போகும். அன்று உங்கள் லொறி யார் பொறுப்பில்? தீர்ப்பு வர வருடங்கள் எடுக்கும். வந்த பிறகும் அவர் பெயரில் சொத்து ஏதாவது இருக்க வேண்டும். அடுத்தவர் வாகனங்களை வைத்து விற்பவர் பெயரில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். சீட்டு எழுத்தில் இருப்பதால் வழக்குப் போட ஆறு வருட அவகாசம் இருக்கிறது, அதனால் அவசரமில்லை. ஆனால் முடிந்தால் அந்த வழிக்கே போகாதீர்கள். காசை வங்கி வழியாக வாங்குங்கள், காசோலை என்றால் மாறும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வாகனத்தை வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். புத்தகம் சுத்தமானால் வாங்கலாம். லீசிங் பாக்கி எவ்வளவு என்று கம்பனியிடமிருந்தே எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நீங்களே கம்பனிக்கு நேராகக் கட்டுங்கள். மிச்சம் பதிவு உரிமையாளருடைய கணக்குக்குப் போகட்டும், வியாபாரிக்குத் தரகு மட்டும். திணைக்களத்தில் பதிவேட்டின் சான்றுப்படுத்திய பிரதி எடுத்து, சேசி இலக்கத்தை நீங்களே குனிந்து பார்த்து ஒப்பிடுங்கள். சொகுசு வரி பாக்கி இல்லை என்பதையும் அங்கேயே கேளுங்கள். வரிச் சலுகை அனுமதிப்பத்திரத்தில் வந்த வாகனமா என்றும் கேளுங்கள், அவற்றுக்குச் சில வருடம் பெயர் மாற்றத் தடை இருக்கும். உங்கள் வரி அடையாள இலக்கமும் வேண்டும். இவ்வளவு பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று இறைவரித் திணைக்களம் கேட்டால் காட்ட உங்கள் மரக்கறிக் கணக்கு தயாராக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் வியாபாரி சம்மதிக்காவிட்டால் காசை வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்பாவைக் கூட்டிப்போக இன்னும் கொஞ்சம் சின்ன ஜீப் ஒன்று, அதுவும் உங்கள் பெயரிலேயே, கிடைக்காமல் போகாது. அவர் அத்தனை வருடம் ஓட்டிய வாகனங்களின் புத்தகத்தில் ஒரு நாளும் அவர் பெயர் இருந்ததில்லை. அவரை உட்கார வைக்கப்போகும் இந்த வண்டியின் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கடிதத்தை முதலில் அனுப்புங்கள், பதில் வரும்வரை மச்சானிடமும் வியாபாரியிடமும் போனில் ஒன்றும் பேசாதீர்கள்.