கட்டைவிரல் தனியே நடக்கட்டும்

கேள்வி: ஓராண்டாகக் கிட்டார் பயில்கிறேன். விரல்களால் மீட்டும் நான்கைந்து பேட்டர்ன்கள் (விரல் வரிசைகள்) தடங்கலின்றி வருகின்றன. ஆனாலும் எந்தப் பாட்டை எடுத்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இன்னும் பல பேட்டர்ன்களைக் கற்க வேண்டுமா? கடற்காற்றில் கம்பிகளும் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன.
– வாசகர், காசிமேடு

பதில்: புதிய பேட்டர்ன்களை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். உங்கள் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை மாறாமல் இயங்கப் பழகிவிட்டன. அந்த வரிசையிலிருந்து கட்டைவிரலை விடுவித்தால்தான் பாட்டின் மெட்டு மேலெழும்ப இடம் கிடைக்கும்.

சி மேஜர் கார்டை (சுரக்கூட்டை) பிடித்துக்கொண்டு, ஐந்தாம் கம்பி (மிக மெல்லியதே முதலாம் கம்பி), நான்காம் கம்பி, மீண்டும் ஐந்து, நான்கு என்று கட்டைவிரலால் மட்டும் மாறி மாறி மீட்டுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மீட்டு என்று தொடருங்கள். வீட்டில் யாரேனும் பேச்சுக் கொடுக்கும்போது நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, கட்டைவிரல் தடுமாறாமல் போகுமானால் அடுத்த படிக்கு ஆயத்தமாகிவிட்டீர்கள். இனி முதல் தட்டில் கட்டைவிரலோடு சேர்த்து நடுவிரலால் இரண்டாம் கம்பியை மீட்டுங்கள். அது படிந்தபின், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலால் மூன்றாம் கம்பியைத் தொடுங்கள். பலரும் திணறும் இடம் இதுதான்: இடையில் விழும் அந்த ஒலியின் பின்னால் கட்டைவிரலும் ஓடப் பார்க்கும். அப்படி நேர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள். தேவையானால் ஆள்காட்டி விரலை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை மட்டும் மீண்டும் ஓடவிடுங்கள்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த மெர்ல் டிராவிஸ் (1917–1983) பெயரால் ‘டிராவிஸ் பிக்கிங்’ என்று வழங்கும் முறைக்கு அடிப்படையே கட்டைவிரலில் இப்படி மாறி மாறி ஒலிக்கும் பேஸ், அதாவது கனத்த கம்பிகளின் தாழ்ந்த ஒலிதான். அவர் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே கொண்டு பேஸையும் மெட்டையும் ஒருசேர வாசித்தவர். ஆகவே பேட்டர்ன்களின் எண்ணிக்கை குறித்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து, உங்களுக்கு மனப்பாடமான ஒரு கானா மெட்டையோ தேவாலயப் பாடலையோ எடுத்துக்கொண்டு, அதன் சுரங்களை மெல்லிய முதலிரு கம்பிகளில் தேடுங்கள். முதலில் மெட்டைத் தனியாக வாசித்து, பிறகு ஒரே ஒரு வரிக்குக் கட்டைவிரலைச் சேருங்கள். மெட்டு உரக்கவும் பேஸ் அடக்கமாகவும் ஒலிக்க வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டையின்) அருகே கனத்த கம்பிகள்மீது இலேசாக வைத்தால் பேஸ் தானாகவே அடங்கும். முழுப்பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு வரி சரியாக அமைந்துவிட்டாலே உங்கள் வாசிப்பு மாறியிருப்பதை நீங்களே கேட்பீர்கள்.

கம்பிகளைப் பொறுத்தவரை, வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வையுங்கள். மேற்பூச்சுள்ள கம்பிகள் விலை கூடுதலானாலும் உப்புக்காற்றை நெடுநாள் தாங்குமாதலால், அடுத்த முறை அவற்றையே வாங்குங்கள்.