குடியை விட்டபின் தியானத்தில் உட்கார்ந்தால் ஆசை கூடுவது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. குடியை விட்டு 5 மாதம். கிழமைக்கு ஒருமுறை ஏஏ கூட்டத்துக்கு (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டம்) போகிறேன். தியானம் செய்தால் மனம் அடங்கும் என்றார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் கண்ணை மூடி உட்காருகிறேன். அடங்குவதை விட்டுச் சாராய மணம்தான் மூக்கில் நிற்கிறது. பின்னேரம் பஸ்ஸால் இறங்கினால் கால் தானாக வைன் ஸ்டோர்ஸ் பக்கம் திரும்புகிறது. எனக்குத் தியானம் சரிவராதா?

பதில்: சரிவரும். நேரமும் அளவும்தான் பிழை. எதற்காக உட்காருகிறீர்கள் என்பதையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

நாள் முழுக்கக் கடையில் நின்று களைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, பழைய குடி நேரத்திலேயே கண்ணை மூடினால் மூளை பழக்கப்பட்ட பொருளைத்தான் கேட்கும். அதோடு, ஆசை வரக்கூடாது என்று காவல் இருப்பவருக்கு ஆசையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மனதை அடக்குவதை இப்போதைக்கு விடுங்கள். ஆசை எழும்போதே அதை அடையாளம் காணும் பழக்கம்தான் உங்களுக்குத் தேவை. மணம் மூக்கில் நிற்பதைக் கவனித்தீர்கள் அல்லவா, அந்தப் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

காலையில், தேத்தண்ணிக்கு முன், கதிரையில் உட்காருங்கள். கண் பாதி திறந்து தரையைப் பார்க்கட்டும், ஒரு கை வயிற்றில் இருக்கட்டும். வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் திட்டிக்கொள்ளாமல் மீண்டும் 1. குடி நினைவு வந்தால் மனதுக்குள் ‘ஆசை’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். முதல் இரண்டு கிழமை 5 நிமிடம் போதும், பிறகு 10, இரண்டு மாதம் அளவில் 20. எண்ணுவது ஒட்டாவிட்டால் வெளிமூச்சோடு ‘நமசிவாய’ என்றோ உங்கள் சமயத்தின் வேறொரு நாமமோ சொல்லலாம். மூச்சை அடக்கும் கும்பகமும் வேகமாக இழுத்துவிடும் பஸ்திரிகாவும் இப்போது வேண்டாம். தலைசுற்றலும் நெஞ்சுப் படபடப்பும் வந்து, பழைய குடி நடுக்கம் திரும்பிவிட்டதோ என்று பயப்படுத்தும்.

இனிக் கால் திரும்பும் கதை. கால் தானாகத் திரும்புவதில்லை. அன்று பின்னேரத் தேத்தண்ணி தவறியிருக்கும், முதலாளி ஏசியிருப்பார். 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது ‘பாண் வாங்க வேண்டும்’ என்று தோன்றும். வீட்டுப் பக்கத்திலேயே பேக்கரி இருக்க, வைன் ஸ்டோர்ஸுக்குப் பக்கத்துப் பேக்கரி ஞாபகம் வரும். ஒரு தரிப்பு முன்னால் இறங்குவீர்கள். அந்தப் பாண் நினைப்பிலேயே ஆசை முக்கால் பங்கு வேலையை முடித்துவிடுகிறது. குடியை விட்டவர்கள் மீண்டும் குடிக்கத் தொடங்குவதை ஆராய்ந்த வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட், சம்பந்தமில்லாதவை போலத் தெரியும் இப்படியான முடிவுகளைத் தனியாகவே கவனித்தார். காலைப் பயிற்சி இங்கேதான் உதவும்: பாண் நினைப்பு வந்த உடனே ‘இது ஆசை’ என்று பிடிபட வேண்டும்.

அதற்காக பஸ் ஏறுமுன் தரிப்பிலேயே 3 நிமிடம் ஒதுக்குங்கள். நில்லுங்கள். உடம்பில் என்ன, மனதில் என்ன என்று பாருங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது இருக்கிறது? பத்து மூச்சு எண்ணுங்கள். பாதம் தரையில் படுவதையும் சுற்றியுள்ள சத்தத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். பிறகு எங்கே இறங்குவது என்று முடிவெடுங்கள். பசியென்றால் தியானம் வேண்டாம், ஒரு பணிசும் பிளேன்டீயும் போதும்.

அப்படியும் ஆசை மேலெழுந்தால் மார்லட் சொன்ன ‘அலை’ முறை இருக்கிறது. ஆசை உடம்பில் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள்: நாக்கடியில் ஊறும் நீர், தொண்டை, நெஞ்சு, உள்ளங்கை. 10க்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப மதிப்பிடுங்கள். 6 என்பது 8 ஆகும், அப்போதுதான் பலர் தோற்றுப்போவதாக நினைக்கிறார்கள். தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் இதை வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று செய்யாதீர்கள். கடலோர மரைன் டிரைவ் வீதிப் பக்கம் போய் நடந்துகொண்டே செய்யுங்கள். போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) முதல் நாள் பின்னேரத்தையும் கலண்டரில் குறித்து வையுங்கள். மறுநாள் வைன் ஸ்டோர்ஸ் பூட்டு என்பதால் ‘இன்றைக்கே வாங்கி வைப்போம்’ என்ற பழைய கணக்கு அன்றுதான் எழும்பும்.

மார்லட்டோடு உளவியலாளர் சாரா போவன் முதலியோர் இவற்றை 8 கிழமைப் பயிற்சியாக்கினார்கள். 2014இல் வெளியான ஆய்வில் முதற்கட்டச் சிகிச்சை முடித்த 286 பேர் இருந்தார்கள். ஓராண்டு முடிவில், இந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் போதைப்பொருள் பாவித்த நாட்களும் மிதமிஞ்சிக் குடித்த நாட்களும் மற்றவர்களைவிடக் குறைவு. முதற்கட்டச் சிகிச்சை முடித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். இன்னும் தினமும் குடிப்பவர் தியானத்தை நம்பித் திடீரென நிறுத்தக்கூடாது. நடுக்கம் முதல் நாளே தொடங்கலாம், வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும், 2 முதல் 4 நாளில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். அது உயிராபத்து, உடனே 1990 அம்புலன்ஸ். குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன், டைசல்ஃபிரம் போன்ற மருந்து எடுப்பவர் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

கண்ணை மூடினால் போர்க்கால நினைவுகளோ 83 கலவரமோ மேலெழுகிற வீடுகள் நம்மிடம் குறைவில்லை. அப்படியானால் உடம்பை உள்நோக்கிப் பார்ப்பதை நிறுத்தி, கண்ணைத் திறந்து, அறையிலுள்ள ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். அது அடிக்கடி நடந்தால் தனியே போராடாமல் ஓர் உளவளத்துணையாளரோடு கதையுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினது.

ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்ற எண்ணம்தான் இரண்டாவது கிளாஸை ஊற்றும். அதையும் ஒரு நினைப்பாகப் பெயரிடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு அன்றிரவே ஏஏயில் உங்களுக்கு வழிகாட்டும் ஸ்பொன்சருக்குக் கோல் எடுங்கள். (குடு, அதாவது ஹெரோயின், பாவித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில கிழமை விட்டபின் உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சே நின்றுவிடலாம்.) மறுநாள் காலை 5 நிமிடம் உட்கார்ந்தபின், ஒரு கொப்பியில் கிளாஸிலிருந்து பின்நோக்கி எழுதுங்கள்: கடை, பேக்கரி, இறங்கிய தரிப்பு, பஸ்ஸில் வந்த நினைப்பு, பகல் 4 மணிக்குத் தவறிய தேத்தண்ணி.