பெர்த்துக்குக் கிளம்பும் தங்கைக்கு: பெட்டியில் எதற்கு இடம்?

தங்கச்சி, ஐந்து வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் தக்கலையிலிருந்து ஜனவரியில் பெர்த்துக்குக் கிளம்புகிறோம், எதை எடுத்து வருவது, எதை விடுவது என்று கேட்டிருந்தீர்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் தந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து நான் வந்தபோது என் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான்.

முதலில் தேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் கொடு என்று அம்மா மார்த்தாண்டம் தேனை இரண்டு பாட்டில் நிறைய ஊற்றி, துணி சுற்றி, என் பெட்டியின் நடுவில் வைத்தாள். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் வெளியிலிருந்து தேன் வரக் கூடாது. ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களிலிருந்துகூட வரக் கூடாது. இங்குள்ள தேனீக்களுக்கு நோய் வந்துவிடாமல் காக்கிறார்கள். விமான நிலையத்தில் அந்தப் பாட்டில்கள் தொட்டிக்குள் போனதைப் பார்த்து அழுதுவிட்டேன். வந்து இறங்கும்போது கொடுக்கும் வருகைப் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்ததால் அபராதம் இல்லை. நேந்திரங்காய் வற்றல், கருப்பட்டி, மசாலாத் தூள், பனையோலைப் பெட்டி, மரச் செப்பு எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். முருங்கை விதையும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டவே வேண்டாம். அத்தை எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி.

சிவப்புப் புழுங்கல் அரிசி, பருப்பு, புளி எல்லாம் இங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. புட்டுக் குழலும் இடியாப்ப உரலும் எடுத்து வாருங்கள், குக்கருக்கு இரண்டு ரப்பர் வளையம் கூடுதலாக. மின்னழுத்தம் ஏறக்குறைய நம் ஊரைப் போலவே என்பதால் மிக்சி ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். குளிர் உடைக்கு இடம் ஒதுக்காதீர்கள். ஜனவரியில் இங்கே கொளுத்தும் வெயில், சில நாள் 40 டிகிரியைத் தாண்டும். மே மாதம் வாங்கிக்கொள்ளலாம். கார் இருக்கையையும் அங்கே வாங்காதீர்கள். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியத் தர முத்திரை உள்ள இருக்கைதான் செல்லும். வந்து இறங்கும் நாளுக்கே அப்படிப்பட்ட பிள்ளை இருக்கைகள் இரண்டு பொருத்திய வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போது, பட்டியல் தருகிறவர்கள் யாரும் சொல்லாத ஒன்று: தடுப்பூசி அட்டை. எங்கள் இளையவனின் அட்டையில் மை கலைந்து இரண்டு தேதிகள் படிக்க முடியாமல் போயின. எழுத்துச் சான்று இல்லாத ஊசி இங்கே போடாத ஊசிதான். மறுபடியும் போட்டார்கள். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறியதை இன்னும் மறக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் போய், ஒவ்வொரு ஊசியின் பெயரும் தேதியும் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வந்த முதல் வாரமே இங்குள்ள மருத்துவரிடம் கொடுத்து அரசுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது அந்தப் பதிவேட்டின் சான்றைத்தான் கேட்பார்கள். நம் அரசு அட்டவணையில் இல்லாத பொன்னுக்குவீங்கி, சின்னம்மை ஊசிகளையும் போடச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 30-க்குள் 5 வயது நிறையும் பிள்ளைக்கு அந்த ஆண்டு பிரீ-பிரைமரி, அது கட்டாயம். அதற்குள் 6 நிறைந்தால் முதல் வகுப்பு. வகுப்புகள் பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டித் திறக்கும். எந்த அரசுப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்யும் என்பதால் வாடகை ஒப்பந்தம் முந்திக்கொள்ள வேண்டும். தற்காலிக வேலை விசா என்றால் அரசுப் பள்ளியிலும் கட்டணம் இருக்கலாம், முன்பே விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை மூன்றும் கைப்பையில்தான் வர வேண்டும். மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மகன் இன்னும் தொட்டிலில்தான் தூங்குகிறானா? இங்கே வாடகை வீட்டு மோட்டில் கொக்கி கிடையாது, மாட்டவும் விடமாட்டார்கள். இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பாயில் படுக்கப் பழக்குங்கள். ஆனால் அந்தத் தொட்டில் சேலையைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள். புது வீட்டில் முதல் ஒரு மாதம் என் மகன் அதற்குள் முகம் புதைத்துத்தான் தூங்கினான். மகளுக்கு அவளே தேர்ந்தெடுத்துக் கட்ட ஒரு சின்னப் பை கொடுங்கள். அதில் கல்லும் சோழியும் இருந்தால்கூடத் திட்டாதீர்கள், படிவத்தில் மட்டும் எழுதிவிடுங்கள். மிச்ச எடையில் தமிழ்ப் படப் புத்தகங்களும் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலும் வையுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளி இங்கே உண்டு. ஆனால் வீட்டில் இரவு மடியில் வைத்து வாசிக்கும் புத்தகம் ஊரிலிருந்துதான் வர வேண்டும்.

கடைசியாக, உங்கள் அம்மாவுக்கு வீடியோ அழைப்பை எடுக்கக் கிளம்புவதற்கு முன்பே பழக்கிவிடுங்கள். இங்கே நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடும். அம்மா விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடும் நேரத்தில் பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். பள்ளிவிட்டு வந்து 4 மணிக்குக் கூப்பிடுங்கள். ஊரில் அப்போது மதியம் 1.30. அம்மா சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.