பேரி மரத்தில் பாசி: கொம்பைத் தேய்க்குமுன் தரையைப் பாருங்கள்

கேள்வி: கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் இருக்கிறோம். முற்றத்தில் மாமனார் வைத்த பேரிக்காய் மரம் ஒன்று, நாற்பது வயதிருக்கும். கொம்பெல்லாம் சாம்பல் பச்சையில் பாசி அப்பிக்கிடக்கிறது, சில இடத்தில் தாடி மாதிரித் தொங்குகிறது. மூன்று வருஷமாகக் காய் குறைந்து, சிறுத்தும் போய்விட்டது. பாசிதான் சத்தை உறிஞ்சுகிறது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மண்ணெண்ணெய் தடவுங்கள் என்கிறார் ஒருவர். தலையை மட்டமாக வெட்டிவிட்டால் புதுசாகத் துளிர்க்கும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? நடக்க வசதியாக ஆறு வருஷத்துக்கு முன்பு மரத்தைச் சுற்றி சிமெண்ட் தளம் போட்டோம்.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் கேள்வியில் முக்கியமான தகவல் கடைசி வரியில் இருக்கிறது. பாசியைவிட அந்த சிமெண்ட் தளத்தின் மீதுதான் சந்தேகம் போகிறது.

முதலில் கொம்பில் இருப்பது எது என்று பாருங்கள். சாம்பல் பச்சையாக, காய்ந்த காகிதம்போல ஒட்டியிருப்பதும் தாடியாகத் தொங்குவதும் லைக்கன் என்ற மரப்பாசி. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியினமும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர் அது. பாசியினம் வெயிலில் உணவு தயாரிக்கிறது, பூஞ்சை அதற்கு வீடும் ஈரமும் தருகிறது. பட்டையின் வெளிப்புறச் செத்த பகுதியைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, உள்ளே இறங்கி மரத்தின் சாற்றை எடுக்காது. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடும் கல்பாசியும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். அதற்காக உங்கள் மரத்தில் இருப்பதைப் பறித்துச் சமையலில் போட்டுவிட வேண்டாம், வகைகள் பல. தாடி வகை, காற்றில் கந்தகப் புகை கலந்தால் முதலில் மறைந்துபோகும். அது உங்கள் முற்றத்தில் தொங்குகிறது என்றால் அங்கே காற்று சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மின்சிட்டு கூடு கட்டும்போது சிலந்தி நூலால் கட்டி, மேலே இந்த மரப்பாசித் துணுக்குகளை ஒட்டி, கொம்பில் ஒரு முடிச்சு போலத் தெரியும்படி செய்துவிடும். தேய்க்கக் கிளம்பும் முன் அதையும் ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள்.

அடிமரத்தில் வெல்வெட் போலப் பச்சையாகப் படர்ந்திருந்தால் அது பாசி, நிழலும் ஈரமும் அதிகம் என்பதற்கு அடையாளம். இந்த இரண்டும் இல்லாமல், டிசம்பரில் இலை கொட்டிய பிறகும் கொம்பில் ஒரு இடத்தில் மட்டும் தடித்த இலைகளோடு பச்சைப் புதராக நின்றால், அது புல்லுருவி. அதுதான் உண்மையான ஒட்டுண்ணி. வேரைக் கட்டைக்குள் இறக்கி மரத்தின் நீரையும் உப்புச் சத்தையும் எடுக்கும். இலையைப் பிய்த்தால் மறுபடி வரும். அது ஒட்டிய இடத்துக்கு ஒரு அடி கீழே, அடிமரத்தை நோக்கி, கொம்பையே அறுத்துவிட வேண்டும். பழம் தின்னும் பூக்கொத்திக் குருவி விதையைக் கொண்டுவந்து தேய்த்துவிட்டுப் போகும் என்பதால் வருஷா வருஷம் இலை கொட்டும் காலத்தில் ஒருமுறை தேட வேண்டும்.

மரப்பாசி கேடு செய்யாது என்றால் காய் குறைந்த மரத்தில் ஏன் இவ்வளவு? காரணத்தையும் விளைவையும் இங்கே எல்லோரும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். வேகமாக வளரும் கொம்பு பட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அடர்ந்த இலை நிழலும் விழும். மெதுவாக வளரும் மரப்பாசிக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். மரம் வளர்ச்சியை நிறுத்தி, இலை குறைந்து, கொம்பில் வெயில் நேரே விழத் தொடங்கினால்தான் அது தாராளமாகப் பரவும். தேய்த்து எடுத்தாலும் வளராத மரம் வளராத மரமாகவே நிற்கும். கம்பி பிரஷ் உயிருள்ள பட்டையையும் சேர்த்துக் கிழிக்கும், கிழிந்த இடம் நோய்ப் பூஞ்சைக்கு வாசல். மண்ணெண்ணெயும் டீசலும் பட்டையையே கருக்கும்.

மரம் வளர்கிறதா இல்லையா என்பதை நீங்களே அளக்கலாம். வெளிப்புறக் கொம்பு ஒன்றின் நுனியைப் பிடித்து, நுனி மொட்டிலிருந்து பின்னோக்கி விரலை ஓட்டுங்கள். ஓரிடத்தில் நெருக்கமான மெல்லிய சுருக்கங்கள் மோதிரம் போலச் சுற்றியிருக்கும். போன வருஷம் வளர்ச்சி நின்ற இடம் அது. நுனிக்கும் அந்தச் சுருக்கத்துக்கும் உள்ள நீளம்தான் ஒரு வருஷ வளர்ச்சி. காய்க்கும் பேரி மரத்தில் ஒரு அடி முதல் ஒன்றரை அடிவரை இருந்தால் நல்லது. அரை அடிக்கும் குறைவென்றால் மரம் பட்டினி கிடக்கிறது. நாலு திசையிலும் ஏழெட்டுக் கொம்புகளை அளந்து பாருங்கள். சிமெண்ட் நெருங்கியிருக்கும் பக்கத்தில் மட்டும் குறைவாக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இனி தரை. உணவு எடுக்கும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை, இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கும், கொம்பு விரிந்த வட்டத்தையும் தாண்டி ஓடும். வேருக்கும் மூச்சு வேண்டும். தளம் காற்றையும் மழையையும் தடுத்துவிடுகிறது. அதன் பாதிப்பு உடனே தெரியாது, சில வருஷம் கழித்துக் காய் சிறுப்பதிலும் நுனிக்கொம்பு காய்வதிலும்தான் தெரியும். உங்கள் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது.

அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது நாலு அடிக்குத் தளத்தைப் பெயர்த்தெடுங்கள், இன்னும் அதிகம் முடிந்தால் இன்னும் நல்லது. பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். மெஷின் அதிர்வும் அதன் முனையும் மேல்வேரைச் சிதைத்துவிடும். நடக்க வழி வேண்டுமென்றால் மணல் மேல் பலகைக்கல்லை இடைவெளி விட்டுப் பதிக்கலாம், கலவை பூசக் கூடாது.

தளத்தை எடுத்ததும் அடிமரத்தைக் கவனியுங்கள். நன்றாக இருக்கும் மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்து வேராகப் பிரியும். மின்கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் போனால் மண் மூடியிருக்கிறது என்று அர்த்தம். மலையில் வீடு கட்டுகிறவர்கள் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மட்டப்படுத்துவதால் இந்தக் கோளாறு இங்கே சகஜம். களைக்கொத்தும் கையும் வைத்து வேர் விரியும் இடம் தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். கடப்பாரை வேண்டாம். கட்டை விரலைவிடத் தடித்த வேரை வெட்டாதீர்கள். ஒட்டுக்கட்டிய தழும்பு தெரிந்தால் அது மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். மூடியிருந்த பட்டை கறுத்து, அழுத்தினால் நீர் கசிந்து நாற்றமடித்தால் அழுகல் இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் என்றால் காற்றுப்பட விட்டாலே ஆறக்கூடும். சுற்றளவில் பாதிக்கு மேல் அழுகியிருந்தால் மழைக்காற்றில் சாயும் ஆபத்து உண்டு. அப்போது வீட்டுப் பக்கம் சாய்ந்த கொம்புகளின் பாரத்தைக் குறைப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தையே எடுக்கவேண்டி வந்தால், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், ரம்பத்தைத் தொடும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரைத் தண்ணீர் மரத்தடியில் விழுகிறதா என்றும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் மழைக்கு மேல் அதுவும் சேர்ந்தால் வேர் அழுகும். குழாயைத் திருப்பிவிடுங்கள்.

திறந்த மண்ணில் நன்கு மட்கிய தொழுவுரம் 25 கிலோவைப் பரப்பி, மேல்மண்ணோடு லேசாகக் கலந்து, அதன்மேல் காய்ந்த இலையை நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாகவே இருக்கட்டும். முதல் வருஷம் யூரியா வேண்டாம், காய்க்காத கொழுத்த தளிரும் அசுவினிப் பூச்சியும்தான் வரும். பழனிமலை மண் பெரும்பாலும் புளிப்பு மண் என்றாலும் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பு கொட்டாதீர்கள். மண் பரிசோதனை செய்து, அதில் வரும் அளவைத்தான் போடவேண்டும். கொடைக்கானலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, யோசனை கேட்கலாம்.

அடுத்தது கவாத்து, அதாவது கொம்புகளை அளவாக வெட்டிச் சீர்செய்வது. தலையை மட்டமாக வெட்டினால் துளிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் எது துளிர்க்கும்? வெட்டுக்குக் கீழே துடைப்பம் மாதிரிச் செங்குத்தாக இருபது முப்பது தளிர் எழும். காய் இருக்காது, பிடிமானமும் மேலோட்டமாகத்தான் இருக்கும், கனம் ஏறியதும் காற்றில் பிளந்து விழும். வெட்டிய பெரிய முகம் மூடாமல் உள்ளே அழுகத் தொடங்கும். நாற்பது வயது மரத்துக்கு மூன்று குளிர்காலத்தில் பிரித்துச் செய்யும் கவாத்துதான் ஏற்றது. எந்த வருஷமும் மொத்தக் கொம்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. காலம்: இலை கொட்டிய பிறகு, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிவுக்குள், மொட்டு உப்பும் முன், மழையில்லாத நாளில்.

முதல் குளிரில் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, பிறகு நடுவில் வெளிச்சத்தை மறைக்கும் ஒரு பெரிய கொம்பு. அவ்வளவுதான். பெரிய கொம்பை மூன்று வெட்டில் எடுங்கள்: அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் அறுப்பு, அதற்கு இரண்டு மூன்று விரல் வெளியே மேலிருந்து இரண்டாவது. கொம்பு பட்டையை உரிக்காமல் விழும். மிச்சக் கட்டையை, கொம்பு புறப்படும் இடத்தில் வளையமாகத் தடித்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். காயத்தை மூடும் திசு அந்த வளையத்திலிருந்துதான் வரும். அதையும் சேர்த்து மழமழவென்று செதுக்குவதும் தப்பு, ஒரு சாண் கட்டை விடுவதும் தப்பு. தாரும் பெயிண்டும் பூசாதீர்கள், ஈரம் உள்ளே தங்கும். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட வெட்டுக்கு மட்டும் போர்டோ பசை போடலாம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர்.

இரண்டாவது குளிரில் காய்க்கும் முளைகளைக் கவனியுங்கள். பேரி பெரும்பாலும் நீளக் கொம்பில் காய்க்காது. விரல் நீளத்தில், சுருக்கம் விழுந்த குட்டை முளைகளில் காய்க்கும். குண்டாக, உருண்டு இருப்பது பூமொட்டு, ஒல்லியாகக் கூர்ந்திருப்பது இலைமொட்டு. பழைய மரத்தில் இந்த முளைகள் கிளைத்துக் கிளைத்துக் கோழிக்கால் மாதிரிக் கொத்தாகியிருக்கும். அவ்வளவுக்கும் சத்து போதாது, காய் சிறுக்க இது ஒரு காரணம். கொத்தில் கீழ்நோக்கியிருப்பதையும் ஒல்லியானதையும் வெட்டி, அரைச் சாணுக்கு ஒரு நல்ல முளை இருக்கும்படி விடுங்கள். முதல் கவாத்துக்குப் பிறகு எழுந்த செங்குத்துத் தளிர்களில் நல்லதாக நாலைந்தை மட்டும் வைத்து, கயிறு கட்டிச் சாய்வாக இழுத்துவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் அவற்றில் காய் முளை பிடிக்கும். மூன்றாவது குளிரில் இன்னொரு கிழட்டுக் கொம்பை எடுத்து, இவற்றை அதன் இடத்துக்குக் கொண்டுவரலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பாசி கண்ணை உறுத்தினால், இலையில்லாத காலத்தில், கவாத்து முடிந்ததும், போர்டோ கலவை ஒரு தடவை தெளியுங்கள். நோய்ப் பூஞ்சைக்கும் அது மருந்து. மயில்துத்தம் 100 கிராமைத் துணியில் முடிந்து 5 லிட்டர் தண்ணீரில் இரவு தொங்கவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீற்றி, 5 லிட்டராக்கி வடிகட்டுங்கள். சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பிளாஸ்டிக் வாளிதான், இரும்பும் தகரமும் ஆகாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான ஆணியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். அன்றைக்கே தெளித்துவிடுங்கள், மறுநாள் வீரியம் இருக்காது. காய்ந்த மரப்பாசி மழையில் தானாக உதிரும்.

இன்னொன்றும் விசாரியுங்கள்: பக்கத்தில் வேறு பேரி மரங்கள் இருந்து, சமீபத்தில் வெட்டப்பட்டனவா? பல பேரி வகைகள் தன் மகரந்தத்தால் மட்டும் நன்றாகக் காய்க்காது. வெட்டியிருந்தால், வேறு வகை மரத்திலிருந்து பென்சில் தடிமனில் போன வருஷக் குச்சியை ஜனவரியில் எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, பிப்ரவரியில் உங்கள் மரத்தின் செங்குத்துத் தளிர் ஒன்றில் ஒட்டுக்கட்டலாம். பூக்கும் நாளில் பூச்சிமருந்து கூடவே கூடாது, தேனீ வராது.

முதல் வருஷம் காய் இன்னும் குறையலாம், பயப்பட வேண்டாம். கொம்பு நுனியை மறுபடி அளந்து பாருங்கள், நீளம் கூடினால் வேலை சரியான வழியில் போகிறது. காய் கூடத் தொடங்கும் வருஷம் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் விடாதீர்கள். கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே கொத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வைத்து மற்றதைக் கிள்ளிவிட்டு, பாரம் தாங்காத கொம்புக்குக் கவட்டைக்கம்பு முட்டுக் கொடுங்கள். கம்பு படும் இடத்தில் பழைய சாக்குத் துணியைச் சுற்றிவிட்டால் பட்டை உரசாது.