பைனஸ் காய்க்குள் விதையே இல்லையா?

தம்பி, மலைநாட்டு எல்ல ஊர்ப் பக்கம் ரோட்டோரத்தில் பொறுக்கிக் கல்முனைக்குக் கொண்டுவந்த பைனஸ் காய்க்குள் ஒரு விதைகூட இல்லை என்று கேட்டிருந்தீர்கள். காயில் பழுதில்லை. செதில் விரிந்து கீழே விழுந்த காய் என்றால், விதை முன்னமே காற்றோடு போயிருக்கும்.

பைனஸில் பூ, பழம் எதுவும் கிடையாது, நாம் காய் என்று சொல்வது அதன் பெண் கூம்பைத்தான். சின்னப் பெண் கூம்பு செதிலைக் கொஞ்சம் திறந்திருக்கும் நேரத்தில், ஆண் கூம்பின் மகரந்தம் காற்றில் வந்து, பிறகு விதையாக மாறப்போகும் சூலின் வாயில் கசியும் பிசுபிசுத்த துளியில் ஒட்டும், அந்தத் துளி உள்ளே இழுபடும்போது மகரந்தமும் கூடவே போய்விடும். அப்புறம் செதில் மூடிவிடும். கருக்கட்ட ஏறக்குறைய ஒரு வருடம், விதை முற்ற இன்னும் பல மாதம்! முற்றிய கூம்பு காய்ந்தால் விரியும், நனைந்தால் திரும்ப மூடும். ஒவ்வொரு செதிலின் மேற்பக்கத்திலும் இரண்டு குழி தெரிகிறதா பாருங்கள், சிறகோடு விதை இருந்த இடம் அதுதான்.

அடுத்த முறை பச்சை மாறிக் கபிலமாகத் தொடங்கும், இன்னும் விரியாத கூம்பாக மரத்திலிருந்தே பறியுங்கள். பேப்பர் விரித்து வெயிலில் வைத்தால் தானே கொட்டும். அந்த மரத்தடி மண்ணிலும் ஒரு பிடி கொண்டுவாருங்கள், அதிலுள்ள, வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை இல்லாவிட்டால் கன்று தேறாது.

கல்லடிக் கடற்கரைச் சவுக்கிலும் இப்படித்தானே காய்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பார்க்க அப்படித்தான், ஆனால் சவுக்கு பூக்கிற மரம், அதன் காய் கூம்பே அல்ல.