500 யூனிட் படியும் 26 கிலோ சிப்பமும்: செட்டிநாட்டு வாசகர்களின் வீட்டுச் செலவுக் கேள்விகள்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கரண்ட் பில்லைப் பற்றியும், மறுபாதி மாசி, பங்குனியில் வாங்கிச் சேர்த்த அரிசி, புளி, மிளகாய் பற்றியும் இருக்கும். இம்முறை ஐந்து கடிதங்களுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி: சென்ற முறை எங்கள் வீட்டில் 480 யூனிட் ஓடியிருந்தது, இம்முறை 512. கூடியது 32 யூனிட்தான், ஆனால் கட்டணம் 400 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. மீட்டரில் கோளாறா, கணக்கெடுத்தவர் தவறாகப் பதிந்துவிட்டாரா? (வாசகி, காரைக்குடி)

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் 500 யூனிட் என்ற கட்டணப் படியைத் தாண்டிவிட்டீர்கள். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அதில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு அடுத்த 100 யூனிட்டும் மலிவான விலையில் கிடைக்கிறது, 500-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2024 ஜூலையில் விலை சற்று ஏறியபோதும் இந்தப் படி மாறவில்லை. 500 யூனிட் ஓடிய வீட்டில் இரண்டாவது நூறு 2.25 ரூபாய் வீதமும், 201 முதல் 400 வரை 4.50 வீதமும், கடைசி நூறு 6 ரூபாய் வீதமும் சேர்ந்து 1,725 ரூபாய் ஆகும். 501 யூனிட் ஓடிய வீட்டில் இரண்டாவது நூறுக்கும் 4.50 என்று கணக்கிட்டு, 500-க்கு மேற்பட்ட அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாயும் சேர்த்து, 1,958 ரூபாய் ஆகிறது. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். உங்கள் 480-க்கு இதே பட்டியலில் 1,605 ரூபாய், 512-க்கு 2,046 ரூபாய்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வேண்டியது பெரிய சிக்கனம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் 12 யூனிட்டுக்குச் சற்று மேல் குறைத்தால் போதும். 60 நாளைக்கு 500 யூனிட் என்றால் நாளொன்றுக்கு எட்டேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. கணக்கெடுத்த தேதியையும் அன்றைய எண்ணையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் மீட்டரைப் பார்த்து, வாரம் 58 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தாண்டிய வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்தால் காரணம் தானாகவே தெரிந்துவிடும்: விருந்தினர் வந்திருப்பார்கள், அல்லது மொட்டை மாடித் தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட்டை இழுத்துவிடும். கணக்கெடுப்பவர் 60 நாள் கடந்து வருவதும் உண்டு. 60-ஆவது நாளில் மீட்டரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு எழுத்து மூலம் கேட்பதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.

பொருள் மாற்றுவதென்றால் மின்விசிறியிலிருந்து தொடங்குங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். இப்போது வரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) வகை 30 வாட் அளவில் ஓடுவதால் அதே நேரத்துக்கு 27 யூனிட்தான் ஆகும். அந்த ஒரு மாற்றமே உங்களை 500-க்குள் இறக்கி நிறுத்திவிடும். வீட்டிலுள்ள எல்லா விசிறிகளையும் ஒருசேர மாற்றச் சொல்லும் கடைக்காரரின் பேச்சுக்கு இணங்க வேண்டாம். இரவும் பகலும் ஓடும் ஒன்றை மாற்றினால் போட்ட பணம் மூன்று ஆண்டுகளில் திரும்பும். விருந்தினர் அறையில் எப்போதாவது சுற்றும் விசிறியை மாற்றினால் அந்தப் பணம் திரும்பவே திரும்பாது. 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. பிரிட்ஜ் கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடிவிட்டு, தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது சற்று முரண்டு பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே கம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் வளவு (நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டு) அறைகளில் ஏ.சி. போடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். செலவு தாங்குமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: முதலில் நடுவாசலை, அதாவது அந்த நடுமுற்றத்தை, அண்ணாந்து பாருங்கள். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து, கம்பி வலைக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருக்கிறீர்களா? மூடியிருந்தால் வீட்டின் சூட்டுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. கனமான சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் கொண்ட இந்த வீடுகளில், அறைகளின் வெப்பக் காற்று நடுவாசல் வழியாகத்தான் மேலேறி வெளியே போகும். அந்த வழியை அடைத்துவிட்டு அறைக்குள் ஏ.சி. ஓட்டுவது அடுப்பை மூட்டிவிட்டு விசிறிக்கொள்வதற்குச் சமம். கம்பி வலை மட்டும் இருக்கட்டும்; தகடு வேண்டுமானால் நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி ஒரு முழம் உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள். விடியற்காலையில் கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து, வெயில் ஏறும் முன் சாத்திவிடுங்கள். அதற்கு மேலும் ஏ.சி. வேண்டுமென்றால் உயரம் குறைந்த சிறிய அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 24-க்குக் கீழே இறக்காமல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைப்பதும் மின்சாரத்தில் 6 சதவீதம் அளவுக்கு மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமே இருக்கிறோம். விலை மலிவென்று மூன்று சிப்பம் அரிசியை மொத்தமாக வாங்கினோம். இரண்டாவது சிப்பத்தைப் பிரித்தபோது வண்டு பிடித்திருந்தது. கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, தேவகோட்டை)

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவு வந்தது. வீட்டு விசேஷத்தை முன்னிட்டு நானும் இப்படித்தான் நான்கு சிப்பம் வாங்கி வைத்து, விசேஷத்துக்குப் பிறகு மிஞ்சிய ஒன்றைக் கார்த்திகை மாதம் பிரித்தேன். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், மணிக்கு மணி ஊசி முனையால் குத்தியது போன்ற துளை. தண்ணீரில் போட்டதும் அந்த மணிகள் மேலே மிதந்தன. உள்ளே மாவு தின்னப்பட்டு வெறும் கூடுதான் மிஞ்சியிருந்தது.

அரிசி வண்டு வெளியிலிருந்து திடீரென்று வந்து தின்பதில்லை. பெண் வண்டு மணியைக் குடைந்து, அந்தத் துளைக்குள் முட்டையிட்டு மேலே மூடிவிடுகிறது. புழு உள்ளேயே வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வண்டாகி வெளியே வருகிறது. எனவே வாங்கும்போது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த அரிசியிலும் முட்டை இருந்திருக்கலாம். கடைக்காரர் பொய் சொல்லாமலே இப்படி நேர்வதுண்டு. ஆனால் பிரிக்காத மூன்றாவது சிப்பத்திலும் வண்டு நடமாட்டம் தெரிந்தால், ரசீதையும் சாக்கின் மேல் அச்சிட்ட பொட்டலமிட்ட மாதத்தையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, பிரிக்காமலே கடைக்கு எடுத்துச் சென்று கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். ரசீது இல்லையென்றால் இவற்றில் எதுவும் எளிதில் நடக்காது. ஆலையில் நேரடியாக வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

இனி, வாங்கிய அளவுக்கு வருவோம். இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 300 கிராம் அரிசி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 9 கிலோ. சிப்பம் 26 கிலோ என்றால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு வரும். மூன்று சிப்பம் எட்டு மாதத்தைத் தாண்டும். கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்துக் கொடுத்திருந்தாலும் உங்களுக்குக் கிடைத்த லாபம் 156 ரூபாய்தான். நகரத்தார் வீடுகளில் மணமான மகனைத் தனிச் சமையலாக வேறு வைக்கும்போது ஆண்டுச் செலவுக்கு எவ்வளவு என்று பெரியவர்கள் கணக்கிட்டுத்தான் கொடுத்தார்கள், கொடுத்ததும் பெரும்பாலும் நெல். உமி மூடியிருப்பதால் நெல் தாங்கும். தீட்டிய அரிசி அப்படித் தாங்காது. பழைய வீட்டின் பழக்கத்தை இரண்டு பேர் உள்ள சமையலறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது, ஆச்சி. ஒரு சிப்பத்தை நீங்களும் பக்கத்து வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டால் மலிவும் கிடைக்கும், வண்டுக்கு நேரமும் கிடைக்காது.

அது ஏன் 26 கிலோ என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை: 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேற்பட்ட எடைக்கு அது இல்லை. அதனால் 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்தது. சிப்பத்தின் விலையைப் பார்க்காமல், எடையால் வகுத்துக் கிலோ விலையைப் பாருங்கள்.

இப்போது கையில் உள்ள அரிசியைச் சலித்து, புடைத்து, நிழலில் பரப்பி ஆற வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் மணி வெடித்துச் சோறு குழையும். வண்டு வந்த டிரம்மை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்த அரிசியைக் கொட்டுங்கள். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டவே கூடாது. டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஐப்பசி மழையின் ஈரம் ஏறாது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் ஓரளவு உதவும், ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யா. கிடங்குகளில் வைக்கும் பூச்சி மாத்திரையை யாராவது கொடுத்தால் தயவு செய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் வாயு, மூடிய அறையில் உறங்குபவர்களின் உயிரையே எடுத்துவிடும்.

கேள்வி: ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி வைக்கத் தக்கவை எவை, கூடாதவை எவை? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: புளியும் மிளகாயும் வாங்கி வைக்கலாம். புளி வரத்து மிகும் மாசி, பங்குனியில் கொட்டையோடு உள்ளதையும் கொட்டை எடுத்ததையும் ஒப்பிட்டு வாங்குங்கள். கொட்டை எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கும். எனவே கொட்டையோடு கிலோ 100 ரூபாய் என்பது உண்மையில் 150 ரூபாய். கொட்டையும் நாரும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. உலோகப் பாத்திரத்தில் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

மிளகாயில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நமக்குப் பக்கத்துச் சரக்கு. ஒன்றைக் காதருகே குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், கிள்ளினால் முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்துக்கும் சேர்த்து விலை கொடுப்பதோடு பின்னால் பூசணமும் வரும். காம்போடு சேமித்து, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள், பொடி சீக்கிரம் மணம் இழக்கும். பூசணம் கண்டதைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

முழுப் பயறுகளை வாங்கும்போது மேல்தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது பயற்று வண்டின் முட்டை. முட்டையில்லாத பயற்றைக் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான், பலன் தருவதும்கூட. எண்ணெயை ஆண்டுக்கு வாங்கவே கூடாது. திறந்த டின்னில் சிக்கு வாடை வந்துவிடும். விலை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை 910 கிராம் அளவுதான், 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் இருக்கும். ஒரு கடையில் கிலோ விலையும் மற்றொரு கடையில் லிட்டர் விலையும் கேட்டுவிட்டு எது மலிவு என்று முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம்.

கேள்வி: 40 நாள் வந்த கேஸ் சிலிண்டர் இப்போது 28 நாளில் தீர்ந்துவிடுகிறது. சமையலில் மாற்றம் இல்லை. (வாசகி, புதுவயல்)

பதில்: 14.2 கிலோ கேஸ் 40 நாள் வந்தால் நாளுக்கு 355 கிராம். 28 நாள் வந்தால் 500 கிராமைத் தாண்டுகிறது. இத்தனை வேறுபாடு அடுப்பின் அழுக்கால் மட்டும் வராது. அடுத்த சிலிண்டர் வரும்போது கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2-ஐக் கூட்டினால் வர வேண்டிய எடை தெரியும்.

எடையோடு பார்க்க வேண்டிய மற்றொன்று கசிவு. அடுப்பை அணைத்துவிட்டு, தீக்குச்சி கிழிக்காமல், சோப்பு நுரையை ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் குழாயின் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழ் எழும்பினால் ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, மூடியை மாட்டி, சன்னல்களைத் திறந்துவிட்டு, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். குமிழ் இல்லையென்றால் தழலைப் பாருங்கள். நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுவதும், கொதி வந்ததும் தழலைக் குறைப்பதும் அதன் பிறகு பேச வேண்டியவை. கசிவுச் சோதனையை இன்றைக்கே செய்துவிடுங்கள், அடுத்த சிலிண்டர் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.