வெற்றுத்தாளில் கையெழுத்து

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் பாதுகாத்துவரும் பிரஜாவுரிமைச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்கிறேன். ஐந்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஐந்து கோப்புறை, நானூறு படங்கள். அவற்றைக் குடும்பவாரியாகப் பெயரிட்டு ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையைக் கிளோட் கோட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கிறது. சலித்துவிட்டது. "இனிக் கேட்காதே" என்பதை அழுத்திவிடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அழுத்தாதீர்கள், தம்பி. கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடும் கட்டளைக்கு மட்டும் அழுத்தலாம். நகர்த்துவதற்கும் அழிப்பதற்கும் வேண்டாம்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதியவன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்பதுதான் பெரிய கிளாக்கர் சொல்லித்தந்த முதல் பாடம். வயதான பிறகு அதை மறந்தேன். கோயில் திருவிழாப் படங்களை ஒரே கோப்புறையில் சேர்க்கும்படி இப்படியொரு உதவியாளரிடம் சொல்லிவிட்டு, கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்திக்கொண்டே தேநீர் குடித்தேன். மூன்று கெமராக்கள், மூன்றிலும் படங்களின் எண் 0001 என்றே தொடங்கியிருந்தது. கோப்பை நகர்த்தும் 'எம்வி' கட்டளை, போகிற இடத்தில் அதே பெயரில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். கடைசியில் 96 படங்கள்தான் மிஞ்சின. குப்பைத்தொட்டியைத் திறந்தேன், காலி. டெர்மினலில், அதாவது கட்டளைகள் ஓடும் திரையில், இப்படிப் போனது அங்கே வருவதில்லை. தேர் ஒரு படத்திலும் இல்லை. அன்னதானப் பந்தியில் நான் உட்கார்ந்திருப்பது மட்டும் ஆறு படங்களில் இருந்தது. வேலை முடிந்தது என்று உதவியாளர் சொன்னதில் பொய்யில்லை.

உங்கள் ஐந்து கோப்புறைகளிலும் எண்கள் எப்படித் தொடங்குகின்றன என்று இப்போதே பாருங்கள்.

முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதியெடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். பிறகு உதவியாளரிடம், "எதையும் தொடாதே; பழைய பெயர், புதிய பெயர் என்று ஓர் அட்டவணை எழுதித் தா" என்று கேளுங்கள். புதிய பெயரை நிரப்ப வேண்டியவர் நீங்கள்தான். ஒரே லயத்தில் மூன்று ராமசாமி இருப்பார்கள். யார் எந்த வீடு என்பது உங்கள் அப்பாயிக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. உதவியாளர் ஒரு படத்தைத் திறந்து படித்தால் அந்தப் படம் இணையம் வழியாக அந்த உதவியாளரை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டவர்களின் பத்திரங்கள் இவை. உங்களை நம்பிப் பெட்டியைத் திறந்தார்கள். தொலைத்துவிட்டு இரண்டாம் முறை கேட்டால் திறப்பார்களா?

அட்டவணை சரியென்றால், நகர்த்தாமல் புதிய கோப்புறைக்குப் பிரதியெடுக்கச் சொல்லுங்கள். அதே பெயரில் ஒன்று இருந்தால் நின்றுவிட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அனுமதி கேட்பதையே முழுவதும் நிறுத்தும் வழியும் கிளோட் கோட்டில் இருக்கிறது. ஆனால் 'ஆபத்தான முறையில்' என்று பொருள்படும் சொல்லை அதன் பெயரிலேயே சேர்த்திருக்கிறார்கள், அதைச் செய்தவர்களே!

முடிந்ததும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அலுமாரியைத் திறவுங்கள்.